நிணநீர்க்கலன் உருவாக்கமா, நிணநீர்க்கான் துளிர்ப்பா?

> சொரியாசிஸ் என்ற தோலழற்சி நோய் பற்றிய கட்டுரையில், தோலில் புதிய நிணநீர்க்கலன்கள் தோன்றுவதை (lymphangiogenesis) "நிணநீர்க்கலன் உருவாக்கம்" எனலாமா? "மிகைவளர்ச்சி" பொருந்துமா?

வணக்கம் ஐயா,

இரண்டும் வேண்டாம். முதலில் 'கலன்'. நமது இலங்கைப் பாடநூலில் கலம் (cell) வேறு, கலன் (vessel) வேறு. "நிர்ப்பீடனக் (நோயெதிர்ப்பு) கலம் நிணநீர்க்கலனைத் தூண்டும்" என்று மலையகத்து ஹட்டனில் ஒரு உயர்தர வகுப்பு மாணவர் வாசித்தால் ஓரெழுத்தில் பொருள் சறுக்கிவிடும். 'நாளம்' என்றாலோ நாடிக்கு (artery) எதிரான நாளம் (vein) என்றே எடுப்பார். உடலின் பெரிய நிணநீர்க் குழாயான நெஞ்சறைக்கானின் பெயரில் 'கான்' ஏற்கெனவே இருக்கிறது. மழைத்தண்ணீர் வடியத் தோட்டச் சரிவில் கான் வெட்டும் மலையகத்தில் அதற்கு விளக்கமே தேவையில்லை. நிணநீர்க்கானின் வேலையும் இழையத்தில் தேங்கியதை வடிப்பதுதானே.

அடுத்து 'உருவாக்கம்'. இங்கே எதுவும் வெறுமையிலிருந்து வருவதில்லை. தோலில் கூடும் பெருவிழுங்கிகள் (macrophages) என்ற நிர்ப்பீடனக் கலங்கள் வீஈஜீஎஃப்-சீ (VEGF-C) என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்கின்றன. அது பழைய கானின் உட்சுவர்க் கலங்களிலுள்ள வீஈஜீஎஃப் வாங்கி-3 (receptor) உடன் பொருந்துகிறது. கலங்கள் பிரிந்து பெருகி முனை நீட்ட, பக்கத்தில் புதுக்கான் கிளம்புகிறது. கவ்வாத்து வெட்டிய தேயிலையின் பழைய கொப்பில் துளிர் விடுவதும் இப்படித்தான். எனவே 'நிணநீர்க்கான் துளிர்ப்பு'. அந்தக் காரணி 'துளிர்ப்பூக்கி'.

'மிகைவளர்ச்சி' நோயின் பழியைக் கான்மேல் போடுகிறது. சொரியாசிஸை முக்கியமாக ஓட்டுபவை இன்டர்லியூக்கின்-23, 17 என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதங்கள். தோலழற்சி உண்டாக்கிய எலிகளில் துளிர்ப்பூக்கியைக் கூட்டியபோது வீக்கம் தணிந்தது; வாங்கி-3ஐத் தடுத்தபோது நீடித்தது. பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

துளிர்ப்பையும் விரிவையும் கலக்காதீர்கள். சொரியாசிஸ் படையில் பழைய கான்களும் அகன்று தெரியும், அது 'கான்விரிவு'. தோலின் வெட்டுத்துண்டில் கான்களை எண்ணும்போதும் கவனம் வேண்டும். கான்களை அடையாளம் காட்டும் குறிப்பான் புரதங்களில் லைவ்-1ஐச் (LYVE-1) சில பெருவிழுங்கிகளும் காட்டும். இன்னொரு குறிப்பானான பொடோபிளானினோ சொரியாசிஸ் மேற்றோலின் அடிக்கலங்களிலும் தெரியும். பொடோபிளானினையும் கலத்தின் கருவில் தெரியும் புரொக்ஸ்-1ஐயும் சேர்த்து, உட்தோலில் மட்டும் எண்ணினால் கணக்குப் பிசகாது.

> 'துளிர்ப்பு' சரி. அப்படியானால் குருதிக்கும் 'குருதிக்கான் துளிர்ப்பு' என்று வருமா?

வராது. குருதி சுற்றி வருவது, வடிவதல்ல. அங்கே 'குருதிக்கலன் துளிர்ப்பு' என்றே இருக்கட்டும். 'குருதி' முன்னால் நிற்பதால் கலம்-கலன் குழப்பமும் குறைவு. சொரியாசிஸில் இரண்டும் நடப்பதால் கட்டுரையில் முன்னொட்டை விட்டு வெறும் 'துளிர்ப்பு' என்று எழுதாதீர்கள்.