வீட்டில் கட்டும் மின்சார பைக்: ஹப் மோட்டாரா, செயினா, பழைய கியர்பாக்ஸா?

கேள்வி

வணக்கம். 125 சிசி பைக் ஒன்றின் சேசிஸை வைத்து மின்சார பைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இன்ஜினை இறக்கியாகிவிட்டது, ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) புஷ் மாற்றியாகிவிட்டது, பேட்டரிப் பெட்டியும் தயார். பேட்டரி 72 வோல்ட், 40 ஆம்பியர் மணி. மோட்டார் வாங்க வேண்டிய இடத்துக்கு வந்து இரண்டு மாதமாக அங்கேயே நிற்கிறேன்.

பின்சக்கரம் 17 அங்குலம், டயர் 100/90. நான் 75 கிலோ, வண்டி 135 கிலோவுக்குள் முடியும் என்று நினைக்கிறேன். சமதளத்தில் 80 கி.மீ. வேகம் வந்தால் போதும். ஆனால் நான் தினமும் போகும் வழியில் 3 கி.மீ. நீளத்துக்கு ஒரே ஏற்றம்: 100 மீட்டர் போனால் 10 மீட்டர் ஏறும். அதை 40 கி.மீ. வேகத்தில் ஏற வேண்டும்.

பின்சக்கரத்திலேயே ஹப் மோட்டாரைப் போட்டுவிடலாமா? மோட்டாரை நடுவில் வைத்துச் செயின் ஓட்டலாமா? இல்லை, பழைய இன்ஜினின் கியர்பாக்ஸையும் கிளட்சையும் அப்படியே வைத்து, கிராங்க் இருந்த இடத்தில் மோட்டாரைக் கோக்கலாமா? எனக்கு மூன்றாவதில்தான் ஆசை. கியர் மாற்றி ஓட்டிப் பழகிய கை.

பதில் 1

நான் ஹப் மோட்டார் போட்டு மூன்று வருடமாக ஓட்டுகிறேன். செயின் இல்லை, எண்ணெய் இல்லை, சத்தம் இல்லை. ஒரு வார இறுதியில் வேலை முடிந்துவிட்டது. நான் போகும் பாதை முழுக்கச் சமதளம். உங்கள் ஏற்றத்துக்கு அது சரிவருமா என்று சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை. ஒன்று மட்டும்: ஆக்சில் சுற்றாமல் பிடித்துக்கொள்ளும் டார்க் ஆர்மை அதன் இரண்டு பக்கமும் கட்டாயம் போடுங்கள்.

பதில் 2

அந்த டார்க் ஆர்மை நான் ஒரு பக்கம்தான் போட்டிருந்தேன். என் முதல் வண்டியும் ஹப் மோட்டார்தான். ஆக்சிலேட்டரைத் திருகினால் ஆக்சில் ஒரு பக்கம் உந்தும், ரீஜென் பிரேக் (மோட்டாரே வேகத்தைக் குறைத்துப் பேட்டரிக்கு மின்சாரம் திருப்பும் பிரேக்) பிடித்தால் எதிர்ப்பக்கம் உந்தும். இப்படி முன்னும் பின்னும் ஆடி ஆடி நட் தளர்ந்தது எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் ஆக்சில் முழுதாகச் சுற்றிவிட்டது. ஆக்சிலின் துளை வழியாக வெளியே வரும், மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் மூன்று பேஸ் ஒயரும் முறுக்கிக்கொண்டு, உறை கிழிந்து ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. பேஸ் ஒயர்கள் ஷார்ட் ஆனால் மோட்டாரே பிரேக்காக மாறிவிடும். வண்டியைத் தள்ளக்கூட முடியவில்லை. பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஓரத்துக்குக் கொண்டுவந்தேன்.

அதைச் சரிசெய்து மறுபடி ஓட்டினேன். அப்புறம் ஒரு நீண்ட ஏற்றத்தில் வார்னிஷ் கருகும் வாடை வந்தது. மோட்டார் மூடியில் கை வைக்க முடியவில்லை, மோட்டார் சுற்றும் நிலையைக் கண்டறியும் ஹால் சென்சார் போய்விட்டது. இரண்டாவது வண்டியில்தான் மோட்டாரை நடுவில் வைத்துச் செயின் போட்டேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். ஏன் என்று கணக்காகவே பாருங்கள்.

எல்லோரும் உச்ச வேகத்தில் தொடங்குகிறார்கள். நீங்கள் ஏற்றத்தில் தொடங்குங்கள். மொத்த எடை 210 கிலோ. பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் எடை பின்னுக்கு இழுப்பது சுமார் 205 நியூட்டன். டயர் உருளும் தடை 30 சொச்சம், 40 கி.மீ. வேகத்தில் காற்று 45 வரை. மொத்தம் 280 நியூட்டன். உங்கள் டயரின் ஆரம் 306 மி.மீ. ஆக, சக்கரத்தில் வேண்டிய திருப்புவிசை 86 நியூட்டன் மீட்டர். 3 கி.மீ. ஏற நான்கரை நிமிடம் ஆகும். அவ்வளவு நேரமும் ஹப் மோட்டார் இந்த 86-ஐத் தன் காந்தத்தாலும் கம்பிச்சுருளாலும் நேராகவே கொடுத்தாக வேண்டும். திருப்புவிசை வேண்டுமென்றால் ஆம்பியர் வேண்டும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் சுருளில் சூடு நான்கு மடங்கு. அந்தச் சூடு வெளியேற வழியும் குறைவு, ஏனென்றால் சுருள் உள்ளே நிலையாக நிற்கிறது, வெளியே சுற்றும் மூடிக்கும் அதற்கும் நடுவே இருப்பது காற்றுதான்.

நடுவில் வைத்த மோட்டாருக்கு முன்னால் 13 பல், பின்னால் 56 பல் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) போட்டால் 4.3 விகிதம். செயினில் கொஞ்சம் போனாலும், அதே ஏற்றத்துக்கு மோட்டார் தர வேண்டியது 21 நியூட்டன் மீட்டர்தான். வோல்ட்டுக்கு 50 ஆர்பிஎம் சுற்றும் மோட்டார் என்றால் ஒரு ஆம்பியருக்கு 0.19 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். எனவே பேஸ் மின்னோட்டம் 110 ஆம்பியர். மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் 200 ஆம்பியர் பேஸ் தாங்கினால், பத்துக்கு இரண்டு ஏற்றத்தில்கூட நின்ற இடத்திலிருந்து வண்டி கிளம்பும்.

சரி, இதே விகிதத்தில் 80 கி.மீ. வருமா? உங்கள் டயரின் சுற்றளவு 1.92 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 694 சுற்று, மோட்டார் 2,990 சுற்று. 72 வோல்ட்டில் சுமையில்லாமல் இந்த மோட்டார் 3,600 சுற்றும். சுமையில் வோல்ட்டேஜ் இறங்கினாலும் இடம் இருக்கிறது. அந்த வேகத்தில் பேட்டரியிலிருந்து ஐந்தரை கிலோவாட் போகும், பெரும்பகுதி காற்றுக்கே. 60-இல் ஓட்டினால் அதில் பாதிக்கும் குறைவு. மோட்டாரின் மேல் எழுதியிருக்கும் கிலோவாட்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வோல்ட்டுக்கு எத்தனை ஆர்பிஎம், தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும் என்ற இரண்டையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

செயின் அளவைப் பற்றிக் கொஞ்சம். பெரிய பைக் செயின் உறுதி என்று 520-க்குப் போகாதீர்கள். முதல் எண் பல்லிடைத் தூரம், அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்பது: 428 என்றால் 12.7 மி.மீ., 520 என்றால் 15.875. 56 பல் ஸ்ப்ராக்கெட் 428-இல் 226 மி.மீ. விட்டம், 520-இல் 283. பின்னதில் செயின் ஸ்விங்ஆர்மில் உரசும். முன்னால் 11 பல் வேண்டாம், 13 போடுங்கள். பல் குறையக் குறையச் செயின் வட்டமாகச் சுற்றாமல் பலகோணமாகத் தத்தித் தத்திச் சுற்றும். அந்த ஏற்றத்தாழ்வு 11 பல்லில் 4 சதவீதம், 13-இல் 3-க்குள். இன்ஜின் சத்தம் இல்லாத வண்டியில் இது காதுக்குத் தெரியும். அதோடு 13 ஒற்றைப்படை. செயினில் உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வருவதால், ஒவ்வொரு பல்லும் இரண்டையும் சந்தித்துச் சமமாகத் தேயும்.

கியர்பாக்ஸ் ஆசை எனக்கும் இருந்தது. கிளட்சும் கியரும் பெட்ரோல் இன்ஜினுக்குத் தேவை, ஏனென்றால் அது நின்ற நிலையில் இழுக்காது. மோட்டார் பூஜ்ஜியத்திலேயே முழு திருப்புவிசையும் கொடுக்கும். பிரம்மோ எம்பல்ஸ் என்ற மின்சார பைக் 2012-இல் ஆறு கியருடன் வந்தது உண்மை. ஆனால் ஜீரோ, லைவ்வயர் கம்பெனிகளின் மின்சார பைக்குகள் கியர் மாற்றும் வேலையே இல்லாமல் ஓடுகின்றன. உங்கள் இன்ஜினில் கியர்பாக்ஸும் கிராங்க்கும் ஒரே உறையில் இருக்கும். அதை அறுத்து, எண்ணெய் கசியாமல் மூடி, எண்ணெய் பம்ப்பைச் சுற்றவைக்க வழி தேடி... நான் ஒரு உறையை அறுத்துப் பார்த்துவிட்டு நிறுத்தினேன். கடைசியில் ஒரே கியரில் போட்டுவிட்டு மற்றவற்றைச் சும்மா சுமந்துகொண்டுதான் ஓட்டுவீர்கள்.

பதில் 3

பெல்ட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நான் பெல்ட் ஓட்டுகிறேன். அமைதி அருமை, துடைக்கவும் எண்ணெய் விடவும் வேண்டாம். ஆனால் முதல் வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பெல்ட்டை நடுவில் பிரித்து மாட்ட முடியாது. ஸ்விங்ஆர்மைக் கழற்றிக் கோக்க வேண்டும், சில வண்டிகளில் அறுத்து போல்ட் வைக்க வேண்டியிருக்கும். விகிதத்தை மாற்றினால் பெரும்பாலும் பெல்ட் நீளமும் மாறும். செயினில் இரண்டு கண்ணி சேர்த்தால் வேலை முடிந்தது. சரியான விகிதம் எது என்று செயினில் ஓட்டிக் கண்டுபிடியுங்கள், பெல்ட் அப்புறம்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பதில் 2 எழுதிய அண்ணாவின் கணக்கை நானும் தாளில் போட்டுப் பார்த்தேன், அதே எண்தான் வருகிறது. செயின் என்று முடிவு. சேசிஸில் அளந்தேன்: ஸ்விங்ஆர்ம் 520 மி.மீ. நீளம். மோட்டாரை வைத்தால் முன் ஸ்ப்ராக்கெட்டின் மையம் ஸ்விங்ஆர்ம் பிவட்டுக்கு (அது ஆடும் அச்சுக்கு) 70 மி.மீ. முன்னால் வருகிறது. பேட்டரிக்கு இடம் விட 150 வரை தள்ளலாமா? செயின் தளர்ந்தால் ஸ்பிரிங் டென்ஷனர் வைத்துக்கொள்ளலாம் அல்லவா? மோட்டாரைப் பிடிக்கும் பிளேட் எவ்வளவு தடிமன் வேண்டும்?

பதில் 2

70-லேயே வையுங்கள். ஸ்ப்ராக்கெட், பிவட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது செயின் அதிகமாக இழுபடும். ஸ்விங்ஆர்ம் அங்கிருந்து 15 டிகிரி விலகினால், 70-இல் மையத் தூரம் 2 மி.மீ. குறையும், 150-இல் 4 மி.மீ. ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு, ஸ்விங்ஆர்மைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். செயின் மிக இறுகும் நிலையில் நிறுத்தி, அங்கே ஒரு விரல் அளவு தொய்வு இருக்கும்படி வையுங்கள். ஆள் ஏறாமல் நிற்கும் வண்டியில் இறுக்கினால், பள்ளத்தில் இறங்கும்போது செயின் மோட்டார் பேரிங்கைப் பிடித்து இழுக்கும்.

ஸ்பிரிங் டென்ஷனர் வேண்டாம். ரீஜென் பிடிக்கும்போது கீழ்ப்பக்கச் செயின்தான் இழுபடும், டென்ஷனர் மடங்கிவிடும்.

13 பல் ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் 26.5 மி.மீ. 200 ஆம்பியரில் வரும் 38 நியூட்டன் மீட்டர் உச்சத்தில் செயின் இழுப்பது 1,430 நியூட்டன், சுமார் 145 கிலோவைத் தொங்கவிட்டது போல. இன்ஜின் தொங்கிய பழைய போல்ட் துளைகளையே பயன்படுத்தி இரண்டு பக்கமும் பிளேட் கொடுங்கள். நான் 8 மி.மீ. இரும்பு போட்டேன், அசையவில்லை. ஒரே பக்கம் பிடித்தால் மோட்டார் கோணும், செயின் ஸ்ப்ராக்கெட்டின் ஓரத்தைத் தின்னும்.

முதல் ஓட்டம் பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து, கன்ட்ரோலரில் பேஸ் ஆம்பியரை 50-க்குக் கட்டிவிட்டு. பின் ஸ்ப்ராக்கெட்டின் முகத்தில் நேரான அலுமினியப் பட்டை ஒன்றை ஒட்டிப் பிடித்து முன் ஸ்ப்ராக்கெட் வரை நீட்டுங்கள். ஒரு மி.மீ. விலகல் தெரிந்தாலும் வாஷர் வைத்துச் சரிசெய்துவிட்டுச் சாலைக்கு வாருங்கள். ஏற்றத்தில் ஏறி முடித்ததும் மோட்டாரைத் தொட்டுப் பார்த்து இங்கே எழுதுங்கள்.