சந்து முனைத் தூணும் தீயணைப்பு வண்டியும்: ஏழு அடியா, ஏழரை அடியா?

குகைக்காரன்:
நேற்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதுகிறார்: “தீயணைப்பு வண்டி சந்துக்குள் வர வேண்டிய அவசியமே இல்லை, குழாய் வந்தால் போதும், தூண் இருக்கிற இடத்தில் இருக்கட்டும்.” படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. சேலம் குகைப் பக்கம் இருக்கிறது எங்கள் சந்து. முனையில் நட்ட நடுவே தண்டவாளத் துண்டு ஒன்றை கான்கிரீட் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள், லாரி நுழையக் கூடாதாம். உள்ளே அறுபது வீடு, ஏழு கொலுசுப் பட்டறை, ஒரு நூல் குடோன். ஞாயிறு காலை டேப் வைத்து அளந்தேன். தூணுக்கு இந்தப் பக்கம் ஏழு அடி, அந்தப் பக்கமும் ஏழு அடி. பெரிய தீயணைப்பு வண்டி எட்டு அடி அகலம். எப்படி நுழையும்?

பொருளாளர்:
எழுதியது நான்தான். “ஒருவர்” என்று ஏன் சுற்றி வளைக்க வேண்டும், என்னிடமே கேட்கலாமே. முதலில் அது ஏழு அடி இல்லை, ஏழரை அடி. தூண் நட்ட அன்று அளந்து கொடுத்ததே நான். ஏன் நட்டோம் என்பதையும் எழுதுங்கள். செவ்வாய்ப்பேட்டைக்குப் போகிற லோடு லாரி குறுக்கு வழி என்று இதில் புகுந்து, டியூஷன் விட்டு வந்த பையன் காலில் ஏறியது. தூண் வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவர்களில் நீங்களும் ஒருவர்.

குகைக்காரன்:
போட்டேன், மறுக்கவில்லை. பூட்டுப் போட்டுக் கழற்றுகிற தூண் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினீர்கள். வந்தது தண்டவாளம். ஏழரை என்பது சாக்கடை மூடியையும் சேர்த்தால் வருகிற கணக்கு. மூடி ரோடு ஆகாது. பெரிய வண்டியில் 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும், தண்ணீர் எடை மட்டுமே நாலரை டன். போன மாதம் தண்ணீர் கேன் ஆட்டோ ஏறியதற்கே அந்த மூடி ஓரம் உடைந்து கம்பி வெளியே தெரிகிறது. ஏழு அடிதான்.

ஏற்காடு எக்ஸ்பிரஸ்:
ஏழோ ஏழரையோ, எட்டு அடி வண்டி இரண்டிலும் நுழையாதே? அப்புறம் எதற்கு இந்தச் சண்டை?

பொருளாளர்:
தம்பி, தப்பான அளவை ஊரெல்லாம் பரப்பினால் தப்பு என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஏழரை அடியில் சின்ன ஜீப் வண்டி தாராளமாக வரும்.

குகைக்காரன்:
ஜீப் ஏழு அடியிலும் வரும். அதில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? நூல் குடோனோ பட்டறையோ பற்றினால் அது எந்த மூலைக்கு?

கொலுசுப் பட்டறை:
எதற்கெடுத்தாலும் பட்டறையை இழுக்காதீர்கள். கேஸ் தீயை வைத்துத்தான் எங்களுக்குப் பிழைப்பு, நெருப்பு என்னவென்று எங்களுக்குத் தெரியும். என் பட்டறையில் இரண்டு மணல் வாளி, ஒரு தீயணைப்பு சிலிண்டர் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒரு வாளி மணல் உண்டா?

பொருளாளர்:
சரியாகக் கேட்டீர்கள். மூன்று வருடம் முன்பு தீபாவளி ராத்திரி பற்றியது பட்டறை இல்லை, இவர் வீட்டு மொட்டை மாடி. வண்டி தூணுக்கு வெளியேதான் நின்றது. தீ அணைந்ததா இல்லையா? குழாயில்தானே அணைத்தார்கள்?

குகைக்காரன்:
என் வீட்டுக் கதையை நானே சொல்கிறேன். மாடியில் பழைய பஞ்சு மெத்தையும் காய்ந்த தென்னை மட்டையும் கிடந்தன. என் தப்புதான். யாரோ விட்ட ராக்கெட் அதில் விழுந்தது. 101-க்குப் போன் போட்டதும் வண்டி சீக்கிரமே வந்துவிட்டது, அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. தூணுக்கு முன்னால் நின்றுவிட்டது. அங்கிருந்து என் வாசல் எண்பது மீட்டர். ஒரு குழாய் பதினைந்து மீட்டர்தான். ஆறு குழாயை ஒன்றோடு ஒன்று மாட்ட வேண்டும். வழியில் பதினோரு பைக், எல்லாம் ஹேண்டில் பூட்டிக் கிடந்தது. அந்தப் பையன்கள் பெரிய பூட்ஸோடு, தோளில் குழாய்ச் சுருளோடு, ஒவ்வொரு பைக்காகத் தூக்கி ஓரம் வைத்தார்கள். ஒரு பைக்கின் ஸ்டாண்டு அடியில் குழாய் மடங்கிப் போய், முதலில் தண்ணீர் பாதிதான் வந்தது. அதற்குள் என் மனைவியும் எதிர் வீட்டுப் பிள்ளைகளும் பக்கத்து மாடி சின்டெக்ஸிலிருந்து குடம் குடமாகக் கொண்டு வந்து ஊற்றி முக்கால்வாசி அணைத்துவிட்டார்கள். குழாய் வந்து சேர்ந்தபோது புகைதான் மிச்சம். மாடியில் ஆள் சிக்கியிருந்தால்? வண்டி வாசலுக்கு வந்திருந்தால் இரண்டே குழாய் போதும். ஏழு அடி. மறுபடியும் சொல்கிறேன், ஏழு அடி.

பொருளாளர்:
ஆக, உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். தடையாக இருந்தது பைக். தூண் இல்லை. அந்தப் பதினொன்றில் இரண்டு உங்கள் வீட்டுப் பைக். தூண் பக்கம் ஏழரை அடி வழி காலியாகத்தான் இருந்தது.

மாடிவீட்டு அக்கா:
அன்று இன்னொன்றும் நடந்தது, யாரும் எழுதவில்லை. மாடிப்படி கிரில் கேட் பூட்டியிருந்தது, சாவி குடியிருப்பவரிடம், அவர் பழைய பஸ் ஸ்டாண்டில் ஜவுளி எடுத்துக்கொண்டிருந்தார். கல்லால் பூட்டை உடைத்தோம். நம் சந்தில் பாதி வீட்டில் இன்றும் அதே நிலைமை. அப்புறம் கேஸ். 2021 நவம்பரில் கருங்கல்பட்டியில் சிலிண்டர் வெடித்து வீடுகள் இடிந்து, ஆள் செத்தார்கள். நமக்கு எவ்வளவு பக்கம்! சமையல் கேஸ் காற்றை விடக் கனம், தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல், முடிந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். போனையும் வெளியே வந்துதான் எடுக்க வேண்டும். தெரு முனையில் ஒருவர் நின்று வண்டிக்கு வழி காட்ட வேண்டும். இதைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசலாமா?

குகைக்காரன்:
பேசலாம் அக்கா. முதலில் தூண் போகட்டும். 2004-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகினார்களே, அதற்குப் பிறகும் நமக்குப் புத்தி வரவில்லையே.

பொருளாளர்:
செத்த குழந்தைகளைத் தூணுக்குச் சாட்சியாகக் கூப்பிடாதீர்கள். அங்கே பற்றியது கீற்றுக் கூரை, தப்பிக்க விடாதது குறுகலான படிக்கட்டு. சந்து முனைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

குகைக்காரன்:
வழி அடைபட்டால் உயிர் போகும், அதுதான் சம்பந்தம். படிக்கட்டானால் என்ன, சந்தானால் என்ன?

அம்மாபேட்டை தறி:
எங்கள் தெருவில் கழற்றுகிற தூண் போட்டோம். மூன்று சாவி. ஒன்று முனை டீக்கடையில் ஆணியில் தொங்குகிறது, விடிகாலை நாலு மணிக்கே கடை திறந்துவிடும். லாரியும் வருவதில்லை. ஒரு வெல்டிங்காரர் அரை நாளில் முடித்தார்.

பொருளாளர்:
நல்ல யோசனைதான். ஆனால் சாவி சங்கத்தில்தான் இருக்க வேண்டும். டீக்கடைக்குக் கொடுத்தால் டீ குடிக்கிற லாரி டிரைவர் எல்லாம் எடுப்பார்.

குகைக்காரன்:
ஆடிப் பண்டிகை வசூல் கணக்கும் சங்கத்தில்தான் இருக்கிறது, இரண்டு வருடமாக. வெளியே வந்தபாடில்லை. சாவி மட்டும் நடு ராத்திரியில் எப்படி வரும்? ஞாயிற்றுக்கிழமை ஆனால் நீங்கள் ஏற்காட்டில் இருப்பீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து திறப்பீர்களா?

பொருளாளர்:
கணக்கு நோட்டு என் வீட்டில் இருக்கிறது, எவரும் வந்து பார்க்கலாம். ஒரு வருட சந்தா பாக்கி வைத்திருப்பவர் கணக்குக் கேட்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

குகைக்காரன்:
ரசீது கொடுங்கள், அன்றைக்கே தருகிறேன்.

கொலுசுப் பட்டறை:
மணல் வாளி கேட்டேன், இன்னும் பதில் இல்லை.

மாடிவீட்டு அக்கா:
கிரில் கேட் சாவி விஷயம் என்ன ஆயிற்று?

குகைக்காரன்:
நாளை காலை ஆறு மணிக்கு டேப்போடு தூண் பக்கத்தில் நிற்கிறேன். எல்லோரும் வாருங்கள். சாக்கடை மூடியை விட்டு, ரோட்டை மட்டும் அளப்போம்.

பொருளாளர்:
வருகிறேன். மூடியோடு சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.