மறு: வீட்டு மின்பெட்டியிலிருந்து கொட்டிலுக்குப் போகும் மின் இணைப்புக்கு ஒரு சொல்

> எக்ஸ்டென்ஷனைத் தமிழில் நீட்டிப்பு வயர் என்று எழுதினால் எல்லாருக்கும் விளங்குமே. புதுச்சொல் எதற்கு?

அப்படி விளங்குவதுதான் ஆபத்து, அண்ணா. நீட்டிப்பு வயர் என்பது குத்திப் பாவித்துவிட்டுக் கழற்றிச் சுருட்டி வைப்பது. மட்டக்குளியில் எங்கள் வளவுக் கொட்டிலுக்கு வருசக்கணக்காய் அப்படியொரு வயர்தான் குசினி யன்னலால் போனது. வெயில் மழைக்குப் பழுதாகிவிடும் என்று மாமா அதை மண்ணுக்குள் தாட்டும் விட்டார். போன மாரியில் வாழைக்குப் பாத்தி கட்டும்போது மண்வெட்டி அதன்மேல் விழுந்தது. அலகின் விளிம்பில் சோளமணி அளவுக்கு உருக்கு உருகிப்போய், கறுத்த பள்ளம் இன்றைக்கும் இருக்கிறது. மரப்பிடியும் ட்ரிப் சுவிச்சும்தான் மாமாவைக் காப்பாற்றின.

'துணை மின்வழங்கல்' என்ற சொல்லையும் யோசித்தேன். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டைப் பார்த்த நமக்குத் துணை என்றதும் ஜெனரேட்டர்தான் மனதில் வரும்.

என் பரிந்துரை 'கிளைவழங்கல்'. நீர்வழங்கல், மின்வழங்கல் இரண்டும் நம் நாட்டில் புழங்கும் சொற்கள். கிளை வாய்க்கால் என்றால் கமக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை: தலை வாய்க்காலில் தனி மடை, கடைசியில் தன் வயல். இங்கும் அதுவேதான். வீட்டுப் பெட்டியில் அதற்கென்று தனிச் சுற்றுடைப்பான் (மின்னைத் துண்டிக்கும் பிரேக்கர்), கொட்டிலில் அதற்கென்று ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டியைக் 'கிளைப்பெட்டி' எனலாம்.

ஆமர்ட் கேபிளுக்குக் 'கவசவடம்' போதும். உருக்குக் கம்பிகள் சுற்றிய வடம் அது. அந்தக் கவசத்தைப் புவிக்கம்பியோடு சேர்த்திருந்தால், மண்வெட்டி உள்ளே இறங்கினாலும் முதலில் கவசத்தில்தான் படும். உயிர்க்கம்பியைத் தொட்ட கணமே மின் கவசத்தால் ஓடி, சுற்றுடைப்பான் விழுந்துவிடும். 'தடித்த வயர்' என்ற மொழிபெயர்ப்பில் இந்தக் காரியம் முழுவதும் தொலைந்துபோகிறது.

கவசத்தைப் பெட்டியோடு இறுக்கிப் பிடிக்கும் பித்தளைத் துண்டு கிளாண்ட். தயவுசெய்து அகராதியைப் பார்த்து 'சுரப்பி' என்று போட வேண்டாம். அது உடம்பில் உள்ளது. 'வடப்பிடி' என்று வைத்தால், செய்யும் வேலை பெயரிலேயே இருக்கும்.

ட்ரிப் சுவிச்சை மட்டும் அப்படியே விடுவோம். 30 மில்லியம்பியர் கசிந்தாலே விழும் அந்தச் சுவிச்சை வயரிங் பாஸ்மாரும் வீட்டுக்காரரும் ஒரே பெயரால்தான் சொல்கிறார்கள். ஆபத்து நேரத்தில் கத்துவதற்கு அந்தச் சொல்தான் வாயில் வரும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் புதுப் பெட்டியில் எழுதி ஒட்டப்போவது இது: "கிளைப்பெட்டி. வழங்கலை நிறுத்தும் சுவிச்சு வீட்டில், மாடிப்படிக்குக் கீழே." இதில் ஏதாவது விளங்காவிட்டால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள்.