கனமான ஜிக்கை (மீன் பிடிக்கும் உலோகப் போலி இரையை) வீசும்போது தூண்டில் நரம்பு சிக்குவது ஏன்?

கேள்வி: அமெரிக்காவின் சான் டியேகோவிலிருந்து சூரை மீன் பிடிக்கச் செல்லும் படகில், பெரிய ஓவர்ஹெட் ரீலில் (தூண்டில் கோலின் மேற்புறம் இருக்கும், ஸ்பூல் எனும் நரம்பு உருளை சுழன்று நரம்பை விடும் ரீல்) 200 கிராம் ஜிக்கை வீசும்போதெல்லாம் நரம்பு ஸ்பூலிலேயே சிக்கிக்கொள்கிறது. ஸ்பூல் சுழலாமலே நரம்பை விடும் ஸ்பின்னிங் ரீலுக்கு மாறிவிடலாமா?

பதில் 1: அவசரப்பட வேண்டாம். கையை விட்டுப் புறப்பட்ட ஜிக் காற்றின் தடையால் வேகம் குறைந்த பின்னும், கனத்த ஸ்பூல் சுழற்சி குறையாமல் நரம்பை அவிழ்த்துக்கொண்டே இருப்பதால்தான் சிக்கல் விழுகிறது. கட்டைவிரலை ஸ்பூலின்மீது இலேசாக உரசவிட்டு, ஜிக் நீரைத் தொடும் கணத்தில் அழுத்தி நிறுத்துங்கள்.

பதில் 2: ரீலையும் கவனிக்க வேண்டும். அகலமும் எடையும் குறைந்த ஸ்பூல்தான் வீசுவதற்கு இணங்கும். 8 அல்லது 9 அடிக் கோலில் ஜிக்கைச் சற்றுத் தொங்கவிட்டு, காற்று போகும் திசையிலேயே வீசுங்கள். பின்னால் நிற்பவரைப் பார்க்காமல் வீசினால் படகுப் பணியாளர்கள் சும்மா விடமாட்டார்கள், அது நியாயமும்கூட.

பதில் 3: எதிர்க்காற்றில் மேல்நீரில் திரியும் மீன் கூட்டத்தை எட்ட வேண்டுமென்றால், 14000 எனும் பெரிய அளவு ஸ்பின்னிங் ரீலே என் தேர்வு, ஆழத்தில் இறக்கி இழுப்பதற்கு ஓவர்ஹெட் ரீலே மேல்.