கிரெடிட் கார்டு பாக்கிக்கு சம்மன் வந்திருக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். என் அக்காவுக்கு நேற்று கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. கிரெடிட் கார்டு பாக்கி, வட்டியோடு ரூ.1,84,000 கேட்கிறார்கள். வேலை போனதால் கட்ட முடியவில்லை. கடைசியாகக் கட்டியது 2022 ஜூலையில். பிராதின் (வங்கி கோர்ட்டில் கொடுத்த வழக்கு மனு) கடைசிப் பக்கத்தில் 2025 நவம்பர் தேதி இருக்கிறது.

சம்மனின் மேலே ‘கட்டளை 37’ (சிவில் நடைமுறைச் சட்டத்தில் சுருக்கமாக விசாரித்து முடிக்கும் வழக்கு முறை) என்று போட்டிருக்கிறது. சாதாரண வழக்கு மாதிரி பதிலுரைக்கு 30 நாள் கிடையாது, 10 நாளுக்குள் ஆஜராகாவிட்டால் வங்கி கேட்டபடியே தீர்ப்பாகிவிடும் என்பது வரை தெரியும். இலவச சட்ட உதவிக்குப் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை என்பதால் நாளை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகிறோம்.

சந்தேகம் இதுதான். கடனுக்கு வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் காலவரம்பு தாண்டிவிட்டது என்பதை ஆஜராகும்போதே சொல்ல வேண்டுமா, எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்கும் மனுவிலா? அப்புறம், வசூல் ஏஜென்ட் ஒருவர், “ஐயாயிரம் கட்டிட்டு, மீதியத் தர்றேன்னு ஒரு கையெழுத்துப் போடும்மா, கேஸை வாபஸ் வாங்கிடுறோம்” என்கிறார். எழுதிக் கொடுத்தால் காலாவதியான கடனுக்கும் உயிர் வந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. அக்கா இரவெல்லாம் தூங்கவில்லை. இப்படிப்பட்ட வழக்கை நடத்திய வழக்கறிஞர்களும், லோக் அதாலத்தில் பேசி முடித்தவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள்.