ஜூன் 5 அன்று நடும் மரக்கன்று யாருக்காக?

வைகைக்கரை:
என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். உலகச் சுற்றுச்சூழல் நாளுக்கு அவள் பள்ளியில் பேரணி, கண்காட்சி, மரக்கன்று நடுதல் எல்லாம் உண்டு. ஐ.நா. 2015-இல் அறிவித்த 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளை விளக்கி மாதிரி செய்து வரச் சொன்னார்கள். தெர்மாகோல், மினுக்குத் தாள், பசை என்று கடையில் வாங்கி வந்து இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து செய்தது நானும் என் மனைவியும். பிள்ளை எப்போதோ தூங்கிவிட்டாள். போன வருடம் இதே நாளில் நட்ட வேம்பும் புங்கனும் மதிலோரம் காய்ந்த குச்சியாக நிற்கின்றன. இந்தச் செயல்திட்டங்களை எல்லாம் விட்டுவிட்டுப் பாடத்தை ஒழுங்காக நடத்தினால் போதும் என்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கரும்பலகை:
சார், நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. சுற்றுச்சூழல் மன்றமும் என் பொறுப்புதான். தெர்மாகோல் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. ஆனால் பாடம் மட்டும் போதும் என்பதை ஏற்க முடியவில்லை. தண்ணீர் சிக்கனம் பற்றி முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளையே குழாயை மூடாமல் போவதைத் தினமும் பார்க்கிறேன். போன வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு லிட்டர் பாட்டிலைக் கொடுத்து, ஒழுகும் குழாய்க்குக் கீழே வைத்து நேரம் பார்க்கச் சொன்னேன். பாட்டில் நிறைய 40 நிமிடம் ஆனது. அப்படியானால் ஒரு நாளைக்கு 36 லிட்டர், மாதத்துக்கு ஆயிரத்துக்கும் மேல். கணக்கை அவர்களே போட்டார்கள், தாளில் எழுதி ஊராட்சித் தலைவரிடம் அவர்களே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த வாரமே வாஷர் மாற்றியாயிற்று. யாரும் கடைக்குப் போகவில்லை, ஒரு பைசா செலவில்லை.

கரிசல்காடு:
இரண்டு பேரும் தேதியை விட்டுவிட்டீர்கள். 1972-இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு தொடங்கிய நாள் ஜூன் 5, அதனால் அந்த நாள் வந்தது. நம் மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டும்போது மலைக்கு இந்தப் பக்கம் விருதுநகரிலும் ராமநாதபுரத்திலும் வெயிலும் காற்றும்தான். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஜூனில் நட்ட கன்றுக்கு நாலு மாதம் குடத்தில் தண்ணீர் சுமக்க வேண்டும், யார் சுமப்பது? வருடா வருடம் கன்று பட்டுப்போவதைப் பார்த்தே வளரும் பிள்ளைக்கு மரம் வைப்பதில் எப்படி நம்பிக்கை வரும்?

எங்கள் ஊர்ப் பள்ளியில் பனை விதை போடுகிறார்கள். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். பிள்ளைகளே பொறுக்கிச் சேர்ப்பார்கள். கண்மாய்க் கரையில் எங்கே மண் அரிக்கிறது என்று ஊர்ப் பெரியவர்கள் கூடவே வந்து காட்டுவார்கள். அப்புறம் மழை பார்த்துக்கொள்ளும்.

நாஞ்சில்மழை:
அண்ணாச்சி, எங்கள் கன்னியாகுமரியில் ஜூனில் நல்ல மழை, நட்டது பிழைக்கிறது. எல்லா மாவட்டத்துக்கும் ஒரே சுற்றறிக்கை அனுப்புவதுதான் தப்பு. தேதியைப் பள்ளியே முடிவு செய்யட்டும்.

வைகைக்கரை:
டீச்சர், அந்தக் குழாய்க் கணக்கு நன்றாக இருக்கிறது. என் மகளுக்கு அப்படி ஒன்று கிடைத்திருந்தால் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டேன். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை, 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் வந்துவிட்டது. எங்கள் தெருக் கடையில் இன்றும் கேரி பேக்தான். பெரியவர்கள் செய்யாததைப் பிள்ளைகள் தலையில் ஏற்றி, அதற்கு மதிப்பெண்ணும் போடுவது நியாயமா?

அலையோரம்:
அண்ணா, பிள்ளைகள் கையில் வேலையைக் கொடுத்தால்தான் அந்தக் கேள்வி பெரியவர்களிடம் போய்ச் சேரும். சென்னையில் 1988-இலிருந்து மாணவர்கள் இரவில் கடற்கரையில் நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். பள்ளி நாளில் நானும் ஒரு சனிக்கிழமை இரவு நடந்தேன். ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேல் இருந்தது. கொஞ்ச தூரத்திலேயே செத்து ஒதுங்கிய தாய் ஆமை. ஏன் செத்தது என்று கேட்டுத்தான் விசைப்படகு கடலில் இழுத்துச் செல்லும் இழுவைமடி வலை பற்றியும், அதில் சிக்கும் ஆமை மூச்சுவிட மேலே வர முடியாமல் சாவதையும் தெரிந்துகொண்டேன். 2025 தொடக்கத்தில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, விதியை மீறிக் கரைக்கு அருகே வரும் படகுகளைப் பற்றி மனு எழுதியவர்களில் நானும் ஒருத்தி. அந்த ஒரு இரவு இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

கரும்பலகை:
மதிப்பெண்ணை என்னால் எடுக்க முடியாது சார், பருவத் தேர்வு போக வகுப்பிலேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டில் செயல்பாட்டுக்கு மதிப்பெண் போட்டே ஆக வேண்டும். ஆனால் வேலை பள்ளி நேரத்தில்தான் நடக்கும், வீட்டுக்கு எதையும் கொடுத்தனுப்ப மாட்டேன். இந்த வருடம் ஜூன் 5 அன்று எங்கே நிழல் இல்லை, எங்கே தண்ணீர் தேங்கும் என்று பிள்ளைகள் வரைபடம் போடட்டும். நடுவது ஐப்பசியில். கரிசல்காடு ஐயா, பனை விதையை எத்தனை அடிக்கு ஒன்று போடுகிறீர்கள்?

கரிசல்காடு:
பத்தடிக்கு ஒன்று அம்மா. ஆடு மாடு நடக்கும் தடத்தை விட்டுத் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
மதிப்பெண் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை டீச்சர். அந்த வரைபட யோசனையை மட்டும் நாளை மகளின் பள்ளியில் எழுதிக் கொடுக்கிறேன்.