மறு: எலிஜி = இரங்கற்பா? ஓவிடுக்கு ஒத்துவராது

> ஆர்ஸ் அமடோரியாவை "காதற்கலை: மூன்று பகுதி இரங்கற்பா" என்று போடலாமா? அகராதியில் எலிஜிக்கு அப்படித்தான் இருக்கிறது.

வேண்டாம் ஐயா. ரோமானியக் கவிஞர் ஓவிட் காதலிக்கப் பாடம் நடத்தும் அந்த நூலில் யாருக்கும் யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. அழுகைகூட நடிப்புதான்: கண்ணீர் வராவிட்டால் கையை நனைத்துக் கண்ணில் தடவிக்கொள் என்கிறார் ஓவிட். தேர்ப்பந்தயத்தில் பக்கத்தில் இருப்பவள் மடியில் தூசி விழுந்தால் விரலால் தட்டிவிடு, விழாவிட்டாலும் தட்டிவிடு! இதற்கா இரங்கற்பா?

லத்தீனில் எலிஜி யாப்பின் பெயர். முதலடி ஆறு சீர், அடுத்தது ஐந்து. கி.பி. 8இல் கருங்கடல் கரைக்கு நாடுகடத்தப்பட்டபின் ஓவிட் புலம்பி எழுதிய திரிஸ்தியாவும் இதே யாப்புதான். போதனை நூல்களுக்கு வழக்கமாக ஆறு சீர் அடியே தொடர்ந்து வரும். இன்னொரு ரோமானியக் கவிஞர் வெர்ஜில் உழவைப் பற்றிப் பாடியது அப்படித்தான். ஓவிட் அந்த வாத்தியார் தோரணையை அப்படியே எடுத்துக்கொண்டு, காதல் பாட்டின் யாப்பில் பாடம் நடத்துகிறார். கிண்டலே அதில்தான் இருக்கிறது. இரங்கற்பா என்றால் அது காணாமல் போய்விடும்.

> குறள் வெண்பாவும் நாற்சீர், முச்சீர்தானே? "லத்தீன் குறள்" எனலாமே?

ரசித்தேன். ஆனால் குறள் தனித்து நிற்பது; இது நூற்றுக்கணக்கில் சங்கிலியாக ஓடுவது. போதாக்குறைக்கு யாராவது காமத்துப்பாலோடு முடிச்சுப் போட்டுக் கட்டுரை எழுதிவிடுவார்கள்.

ஆறு சீருக்கும் ஐந்து சீருக்கும் நம் யாப்பில் உள்ள கழிநெடிலடி, நெடிலடி என்ற பெயர்களையும் ஒட்டவைக்க மனமில்லை. அவர்கள் சீர் அசையின் நெடில் குறிலை எண்ணிக் கட்டுவது. "ஐந்து சீர்" என்பதும் உண்மையில் இரண்டரையும் இரண்டரையும்.

என் பரிந்துரை: ஏறிறங்கு ஈரடி. அமோரெஸ் என்ற தன் காதல் பாட்டு நூலின் முதற்பாட்டில் ஓவிடே, என் பாட்டு ஆறில் எழட்டும், ஐந்தில் அமரட்டும் என்கிறார். (வீரகாவியம் எழுத உட்கார்ந்தவரிடம் காதல் தெய்வம் குப்பிட் வந்து இரண்டாம் அடியில் ஒரு சீரைத் திருடிக்கொண்டு போனானாம்!) அதே நூலில் எலிஜி ஒரு பெண்ணாக, ஒரு கால் நீண்டு, சாய்ந்து சாய்ந்து நடந்து வருவாள். அதைப் பார்த்து "நொண்டி" என்று தொடங்கும் பெயர் வைக்கக் கை பரபரத்தது. நொண்டிச் சிந்து என்ற பாவகை நம்மிடம் ஏற்கெனவே இருப்பதால் விட்டுவிட்டேன்.

தாமஸ் கிரேயின் கல்லறைப் பாட்டு போன்ற ஆங்கில எலிஜிகளுக்கு இரங்கற்பாவே இருக்கட்டும். ஓவிடுக்கு: "காதற்கலை, ஏறிறங்கு ஈரடியில் அமைந்த மூன்று பகுதிப் போதனைப் பா". புணர்த்தினால் "ஏறிறங்கீரடி" என்று வாயில் நுழையாமல் போகும், பிரித்தே எழுதுவோம்.